பீஸ் ரெடி

சென்னீர்குப்பத்தில் ஆடி மாதம் என்றால் முதலில் காற்று வரும், அதன் பின்னால் மைக் செட் வரும், எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அம்மன் வருவாள். அந்த வருஷமும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதியைக் காற்று வாரிக்கொண்டு வந்து தெருவுக்குள் கொட்டியது. மாடியில் துணி காயப்போட்டவர்கள் இரண்டாவது தடவை துவைத்தார்கள், காற்றைத் திட்டினார்கள், அதற்கும் சேர்த்து கார்ப்பரேஷனைத் திட்டினார்கள். கோயில் தெருவின் கடைசி வீட்டு ராஜகுமாரிக்குத் துணியைப் பற்றிய கவலை இல்லை. அவள் மிக்சியில் சோற்றை அரைத்துக்கொண்டிருந்தாள்.

சோறு, வேகவைத்த பருப்பு, ஒரு துண்டு கேரட், உப்பு. பசை மாதிரி அரைத்து, ஆறவிட்டு, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் புருஷன் கோவிந்தராஜ் வலது கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். ஒரு டம்ளர் இறங்குவதற்குள் டி.வி.யில் ஒரு சீரியல் முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். ராஜகுமாரிக்கு ஐயப்பன்தாங்கலில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பெண்கள், சப்பாத்தி கெட்டியாக இருக்கிறது அக்கா, மெல்ல முடியவில்லை அக்கா என்று முகம் சுளிப்பார்கள். மெல்ல வாய் இருக்கிற மகராசிகள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சப்பாத்தியை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

கோவிந்தராஜ் செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவருடைய அப்பா ஏரித் தண்ணீரில் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தின் மேல்தான் அந்தக் குடோன் நிற்கிறது. பழைய ஆட்கள் யாராவது அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டால் அவருக்குப் பிடிக்காது. "எங்க நைனா சேத்துல குனிஞ்சுகினு கெடந்தாரு. நான் சீட்டுல குந்திகினு கீறேன். இன்னா கொறஞ்சு பூட்டுது?" என்பார். குறைந்தது ஒன்றும் இல்லை. கூடியது ஒன்று உண்டு, மாவா. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த அந்தப் பொட்டலம் அவருடைய காக்கிச் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும். சரக்கு ஏற்றும்போது தூக்கம் வராமல் இருக்க ஆரம்பித்தது, பிறகு தூங்கப்போகும்போதும் வேண்டியதாகிவிட்டது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் பாக்கெட்டின் அடியில் பழுப்புக் கறை போகாது.

இடது கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு வந்தது. பல் ஆடியது. பல் டாக்டர் பல்லைத் தொடவே மாட்டேன் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. கட்டி இடது தாடை எலும்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டது, முகவாய்க்குப் பக்கத்திலிருந்து காதுக்குக் கீழே வரை அந்த எலும்பை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று நேராகச் சொல்லிவிட்டார். எடுத்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் பாதி முகம் உள்ளே சரிந்துவிடும், பேச்சு குழறும், எச்சில் நிற்காது. காலெலும்பைக் கொஞ்சம் வெட்டி வைப்பது உண்டு. சர்க்கரையில் கால் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போயிருந்ததால் இவருக்கு அது ஆகாது. அளவெடுத்துச் செய்த உலோகத் தாடை வைக்கலாம் என்றார். அதைச் சொல்லும்போதே, அதெல்லாம் உங்களால் முடியுமா என்கிற தயக்கமும் அவர் குரலில் இருந்தது.

அப்போதுதான் மகள் அகல்யா வாயைத் திறந்தாள். "அத்த எங்க கம்பெனிலதான் மேடம் செய்றோம்."

ஆவடியில் டிப்ளமோ படித்துவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். டைட்டானியம் பொடியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் லேசர் கதிரால் உருக்கி, அதன் மேல் மறுபடி பொடி பரப்பி, மறுபடி உருக்கி, படலம் படலமாக எலும்பை எழுப்புகிற மிஷின் அங்கே இருந்தது. மண்டை ஓட்டுக்கு மூடி, இடுப்புக்குக் கிண்ணம், கன்னத்துக்கு எலும்பு, யாருக்கு எது வேண்டுமோ அவரவர் ஸ்கேனைப் பார்த்து அச்சடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பொடிக்கு அங்கே எல்லாரும் மாவு என்றுதான் பேர், சல்லடையில் சலிப்பதால். அப்பனுக்கு மாவா, மகளுக்கு மாவு என்று ராஜகுமாரி முன்னெல்லாம் கேலி செய்வாள். இப்போது செய்வதில்லை.

அகல்யா முதலாளியிடம் போய் நின்றாள். அவர் டாக்டரம்மாவோடு பேசினார். யார் யார் கையைக் காலைப் பிடித்தார்கள் என்பது தனிக் கதை. கடைசியில் கம்பெனி தன் செலவில் செய்து தருவதாக ஆயிற்று. டிசைன் செய்கிற முகமது ஆசிக், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கோவிந்தராஜின் ஸ்கேனை வாங்கி, நோய் இல்லாத வலது தாடையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி இடதுக்கு ஆக்கினான். எங்கே வெட்டுவது என்று டாக்டரம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்தார். கட்டி தெரிகிற இடத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, நல்ல எலும்பில் அந்தக் கோடு. அகல்யா அதைப் பார்த்துத் திருப்திப்பட்டாள். எந்தப் பீஸுக்கும் கொஞ்சம் கூட விட்டுத்தானே வெட்டுவார்கள், அலவன்ஸ் என்று.

அச்சு முடிந்து மிஷினைத் திறந்தபோது உள்ளே சாம்பல் நிற மாவு மட்டும் மேடாக இருந்தது. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, விபூதித் தட்டில் விழுந்த தோட்டைத் தேடுகிற மாதிரி, அகல்யா பிரஷ்ஷால் மாவை ஒதுக்கினாள். எத்தனையோ பேருடைய எலும்பை அப்படித் தோண்டி எடுத்திருக்கிறாள். எல்லாமே அவளுக்குப் பீஸ், எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர். இந்தத் தடவை மாவு விலகிக்கொண்டே வந்து முகவாயின் வளைவு வெளியே தெரிந்ததும் அவள் கை நின்றுவிட்டது. சவரம் செய்து முடித்தவுடன் அப்பா கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொள்கிற இடம் அது. முகமூடிக்குள் மூச்சு முட்டி, போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைக்கக் கூடாது, கையெல்லாம் மாவு.

சூளையில் வைத்து எடுத்து, தட்டிலிருந்து அறுத்து, முட்டுக்கொடுத்திருந்த சிம்புகளைக் குறடால் பிடுங்கி, அரத்தால் தேய்த்து, எல்லாவற்றையும் அவளே செய்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. நாக்குப் படுகிற உட்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றினாள். உறையில் போட்டு மூடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அம்மாவுக்கு போனில் இரண்டே வார்த்தை அனுப்பினாள்: பீஸ் ரெடி.

எஸ்டேட்டில் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. பீஸ் ரெடி என்றால் மூச்சு விடலாம், டீ குடிக்கப் போகலாம். பார்ட்டி வந்து எடுத்துப் போகிறவரை அது அலமாரியில் கிடக்கும், கெட்டுப்போகாது. இரும்புச் சாமானோடு பழகியவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை அது. அந்த வீட்டையும் அதுதான் ஏமாற்றியது.

ராஜகுமாரி இதற்குள் தன் பங்குக்கு இரண்டு வேண்டுதல் வைத்திருந்தாள். ஒன்று, புருஷன் காப்புக் கட்டித் தீ மிதிப்பார். இன்னொன்று, ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் அம்மனுக்கு வெள்ளியில் தாடை செய்து உண்டியலில் போடுவாள். அதற்குத் திருவேற்காட்டுக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கினாள். வெள்ளித் தகட்டில் கண் இருந்தது, கை இருந்தது, கால், வயிறு, தொட்டில், வீடு எல்லாம் இருந்தது. தாடை இல்லை. வாய் கேட்டால் கடைக்காரன் நாக்கை எடுத்து நீட்டினான். தாடைக்கெல்லாம் யார் வேண்டிக்கொள்கிறார்கள், ஆர்டர் கொடுத்தால்தான் உண்டு என்றான். சரி, ஆபரேஷன் முடியட்டும், ஆர்டரே கொடுத்துவிடலாம் என்று அவள் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினார்கள். பூசாரி பேர் சின்னப்பையன், மற்ற நாளில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஆடியில் மட்டும் லாரியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் வேட்டி கட்டிக்கொள்வார். கோவிந்தராஜின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கொம்பு கோத்த கயிற்றை முடிந்தார். காப்புக் கட்டியவர் தீ மிதித்து அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லை தாண்டக் கூடாது, உடம்பில் கத்தி படக் கூடாது, சவரம்கூடக் கூடாது. எல்லைக்கல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது எங்கேயோ புதைந்துவிட்டது. பெட்ரோல் பங்க்தான் எல்லை என்று சின்னப்பையன் தீர்ப்புச் சொல்லியிருந்தார், ஊரும் ஒப்புக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அகல்யாவுக்கு போன் வந்தது. திருவிழா முடிந்தபின் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். இப்போது வேறொருவர் ஆபரேஷன் தள்ளிப்போய் இந்த வாரமே இடம் கிடைத்திருக்கிறது, புதன்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள், சீக்கிரம் முடிப்பது நல்லது என்று டாக்டரம்மா சொல்லச் சொன்னார்கள் என்றாள் நர்ஸ். அகல்யா அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

கோவிந்தராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மணிக்கட்டைத் திருப்பிக் காப்பைப் பார்த்தார். அப்புறம் வீங்கிய வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்து பேசினார்.

"காப்புக் கட்டிகினு கீறேன். எல்லை தாண்டக் கூடாது."

"நைனா, சாமிக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குத்தான போறோம்."

"கத்தி படக் கூடாதுன்னா படக் கூடாது."

 வேண்டிக்கொண்டவள் ராஜகுமாரி. அவள் நேராகப் போய்ச் சின்னப்பையனையே அழைத்து வந்தாள். ஊரில் எல்லாரும் பூசாரி மறுப்பார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்த மனுஷன் அப்படிச் செய்யவில்லை. செருப்பில்லாத காலை வாசலிலேயே கழுவிக்கொண்டு உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் குந்தினார்.

"அண்ணாத்தே, நான் சொல்றேன் கேளு. கற்பூரம் ஏத்தி அவகிட்டயே கேட்டுக் கழட்டிக்கலாம். எங்க அப்பன் காலத்துலயே கழட்டிக் கீறாங்கோ. ஆத்தா ஒண்ணியும் கோச்சுக்க மாட்டா. அவளுக்கு இல்லாத கத்தியா? நீ போய்ட்டு வா."

கோவிந்தராஜ் தலையை ஆட்டினார். முடியாது என்கிற ஆட்டம். கயிற்றின் மேல் இடது கையை வைத்து மூடிக்கொண்டார். சின்னப்பையன் ராஜகுமாரியைப் பார்த்தார், ராஜகுமாரி மகளைப் பார்த்தாள்.

அகல்யா அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். அது பக்தி இல்லை. ஃபோர்க்லிஃப்ட்டில் டன் கணக்கில் சரக்கைத் தலைக்கு மேலே தூக்குகிற மனுஷனுக்குக் கத்தியை நினைத்து உதறல் எடுத்திருந்தது, ஒளிந்துகொள்ள அந்த மஞ்சள் கயிறு கிடைத்திருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. அப்பாவை அப்படி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பாவத்தில்தான் அவள் அதைச் சொன்னாள்.

"சரி நைனா, வுடு. பீஸ் ரெடியா கீது, எங்க ஓடப்போவுது? அலவன்ஸும் வுட்டுதான் கோடு போட்டு கீறாங்க. திருவிழா முடிச்சுட்டே போலாம்."

கோவிந்தராஜுக்கு உடனே முகம் தெளிந்தது. மகள் படித்தவள், அந்தத் தொழிலிலேயே இருக்கிறவள், அவளே சொல்லிவிட்டாள். ராஜகுமாரியும் அதைக் கேட்டுத்தான் அடங்கினாள். சின்னப்பையன் மட்டும் எழுந்திருக்கும்போது, யோசிச்சுக்கோங்க என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார். அகல்யா போனில் நர்ஸிடம் பழைய தேதிக்கே வருகிறோம் என்றாள். பழைய தேதியை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று, டாக்டரம்மா அடுத்த வாரம் வெளியூர் போகிறார், இனி ஆவணியில்தான் என்று பதில் வந்தது. அதையும் வீட்டில் சொன்னாள். பரவாயில்லை என்றார் கோவிந்தராஜ்.

திருவிழா நன்றாக நடந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று தெருவுக்கும் சீரியல் விளக்கு. அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ், நொய் போட்டு, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டது. பக்கத்திலேயே முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும். மற்றவர்களுக்கு அதெல்லாம் தொட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கோவிந்தராஜுக்குக் கூழே போதும். மெல்ல வேண்டாம், அரைக்க வேண்டாம், ஊரே குடிக்கிறதை அவரும் குடித்தார். மாதக்கணக்கில் நோயாளிக்கென்று தனியாகச் செய்ததையே விழுங்கிக்கொண்டிருந்த மனுஷன் அன்றைக்கு வரிசையில் நின்று சொம்பு நீட்டி வாங்கினார். ராஜகுமாரி கீரை ஆய்ந்துகொண்டே அதைப் பார்த்தாள். இந்த ஒரு நாளுக்காகவாவது காப்புக் கட்டியது சரிதான் என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்.

சாயங்காலம் நெருப்பில் இறங்கினார். வாயை மறைத்துத் துண்டு, இடுப்பில் வேப்பிலை, நெஞ்சில் மஞ்சள் தண்ணீர். பம்பைக்காரர்கள் அடித்த அடியில் தெருவே அதிர்ந்தது. கங்கின் மேல் நிதானமாக, பராக்குப் பார்க்கிறவர் மாதிரி நடந்து போனார். கால் சுடவே இல்லை என்று பிறகு எல்லாரிடமும் காட்டினார். நெருப்புக்குப் பயப்படாதவர் கத்திக்குப் பயந்தார் என்பதை அகல்யா யாரிடமும் சொல்லவில்லை.

காப்பு அவிழ்த்த வாரத்திலேயே காது வலிக்க ஆரம்பித்தது. கூழ் குடித்ததில் சளி பிடித்துவிட்டது என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தாள் ராஜகுமாரி. அப்புறம் வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. ஆவணி பிறந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, ஆபரேஷனுக்கு முன்னால் எதற்கும் ஒன்று எடுத்துவிடுவோம் என்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்துப் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும். மெதுவாகப் பேசினார். கட்டி வெட்டுக் கோட்டைத் தாண்டிவிட்டது, தாடை மூட்டுக்குப் பின்னால் மேலே ஏறி மண்டையின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிட்டது. இனி கத்தி வைப்பது அவரை மேசையிலேயே கொல்வதற்குச் சமம். கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கலாம், மருந்து கொடுக்கலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்று ராஜகுமாரி கேட்டாள். தீபாவளியை வீட்டில் எல்லாருமாகக் கொண்டாடுங்கள் என்றார் டாக்டரம்மா. அதற்கு அர்த்தம் விளங்காத அளவுக்கு அங்கே யாரும் குழந்தை இல்லை.

பிரிக்காத உறையை அகல்யா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக எஸ்டேட்டுக்கு, ஆசிக்கின் மேசைக்குப் போனாள். புது ஸ்கேன் அவனுக்கும் வந்திருந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். திரையில் எலும்பு வெள்ளையாக இருந்தது, அவள் தேய்த்து மெருகேற்றிய தாடை நீலமாக இருந்தது. கட்டிக்குச் சிவப்புக் கொடுத்திருந்தான். சிவப்பு நீலத்தின் மேல்நுனியைத் தாண்டி வெள்ளைக்குள் போயிருந்தது. வேலையில் எந்தக் குறையும் இல்லை. பழைய ஸ்கேனில் வைத்துப் பார்த்தால் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"இன்னும் நீளமா ஒண்ணு அடிக்கலாமா சார்?"

"எவ்ளோ நீளம் வேணும்னாலும் அடிக்கலாம் அகல்யா. அதைத் திருகி நிப்பாட்ட நல்ல எலும்பு வேணும்லா."

 கேட்கக் கூடாது என்று தெரிந்தே அவள் கேட்டாள்.

"அந்தப் புதங்கெழமயே போயிருந்தா?"

ஆசிக் பொய் சொல்லத் தெரியாத பையன். "ஆனியில எடுத்த ஸ்கேன்ல ஒரு விரக்கடை நல்ல எலும்பு இருந்துச்சு. இப்போ இல்ல. நடுவுல எந்த நாள் தாண்டுச்சுன்னு இது சொல்லாது. எனக்கும் தெரியாது" என்றான். பழுதான பீஸ்களைப் போடுகிற டிரம் மூலையில் இருந்தது. அதில் போட்டுவிடவா என்று அவன் கேட்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் இது ஆகாது என்றான். அவள் திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அழுதாள். பக்கத்து சீட்டுக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் மிக்சிச் சத்தமும் இருமலும்தான். காற்று நின்று புழுக்கம் பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரை அனல், சாயங்காலம் இடி இடித்து இரண்டு தூற்றல், அவ்வளவுதான். கரண்ட் வைக்கக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார்கள். கன்னத் தோல் கறுத்தது. குடோன் ஆட்கள் இரண்டு பேர் வந்து ஆரஞ்சு கொடுத்துவிட்டு, ஆரஞ்சை இவர் எப்படித் தின்பார் என்று தோன்றிய சங்கடத்தில் சீக்கிரமே எழுந்து போனார்கள்.

ஒருநாள் கோவிந்தராஜ் அந்தப் பீஸைக் காட்டச் சொன்னார். அகல்யா உறையைக் கிழித்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். இரும்பு மாதிரி கனக்கும் என்று நினைத்திருக்கிறார், கையில் இருப்பதே தெரியவில்லை. முகவாய் வளைவைக் கட்டைவிரலால் தடவினார், அவருடைய பழக்கம் அது. சோக்காக் கீது என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ராஜகுமாரி அடுப்பங்கரையில் சோற்றை அரைத்து முடித்திருந்தாள். மிக்சியை நிறுத்தியபின், முதுகைக் காட்டிக்கொண்டே மகளிடம் கேட்டாள். எத்தனை நாளாகவோ கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"நான் காப்பு வேண்டிக்காம இருந்திருந்தா, அன்னிக்கே போயிருந்தா, பொழச்சிருப்பாரா?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே ஏறிடுச்சாம். காப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"ஆசிக் சார் சொன்னாரு. ஸ்கிரீன்ல காட்னாரு."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. வாய் திறக்காமல் பல்லிடுக்கில் வந்த குரல். தினம் கேட்கிறவர்களுக்குத்தான் புரியும்.

"பொய் சொல்லாத, அகலு. பயந்துகினு காப்புல ஒளிஞ்சவன் நானு. தப்பு ஆத்தா மேலயும் இல்ல, உங்கம்மா மேலயும் இல்ல."

உன் மேலேயும் இல்லை என்று அவர் சொல்வார் என அகல்யா காத்திருந்தாள். சொல்லவில்லை. மறந்திருப்பார், அல்லது அவ்வளவு பேசியதிலேயே வலி எடுத்திருக்கும். ராஜகுமாரி டம்ளரைக் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்துவிட்டு, அவர் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அந்தத் தாடையை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். எதற்கு என்று அகல்யா கேட்டாள். பிழைத்தால்தானே வேண்டுதல், இப்போது யாருக்கு என்ன கடன் என்று கேட்டாள். ராஜகுமாரிக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தாடை போடுகிறேன் என்றேன், கடையில் கிடைக்கவில்லை, வீட்டில் இருக்கிறது, வேறு யாருக்கும் ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள், அவளிடமே போகட்டும் என்றாள். கோவிந்தராஜும் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். தோளில் அது தொங்கியது. துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேர் தோளையும் பிடித்தபடி, தெருமுனைக் கோயில் வரை நடந்தே வந்தார்.

கோயிலில் கூட்டம் இல்லை. தீபாராதனை முடிந்ததும் ராஜகுமாரி உண்டியல் முன்னால் போய்த் துணியை அவிழ்த்தாள். தெருக்கோயில் உண்டியல், எவர்சில்வர் பீப்பாய், மேலே காசு போடச் சின்னதாக ஒரு வாய். நேராக வைத்துப் பார்த்தாள். போகவில்லை. படுக்கவைத்துப் பார்த்தாள். முகவாய்ப் பக்கத்தை முதலில் விட்டால் பாதி இறங்கி வளைவில் மாட்டியது. காதுப் பக்கத்தை விட்டால் இறங்கவே இல்லை. அவள் விடாமல் திருப்பித் திருப்பி நுழைத்தாள். உலோகத்தோடு உலோகம் உரசுகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. பின்னால் காசு போட நின்ற ஆள் ஒதுங்கிப் போனார்.

சின்னப்பையன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "தொறந்து போட்டுர்லாம்மா. இரு."

"வேணாங்க," என்றாள் ராஜகுமாரி. "அவளுக்கும் அளவு பத்தல."

சொல்லிவிட்டு அப்படியே உண்டியலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அகல்யா அம்மாவின் தோளைப் பிடித்தாள். கோவிந்தராஜ்தான் கையை நீட்டி, உண்டியல் வாயில் மாட்டிக்கொண்டு நின்றதை மெல்லத் திருகி வெளியே எடுத்தார். மேல்பக்கத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து என்னவோ சொன்னார், புரியவில்லை. மறுபடி சொன்னார்.

"எனுக்கு செஞ்சது. எங்கிட்டயே இருக்கட்டும்."

அதைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், மாவாப் பொட்டலம் இருந்த பாக்கெட்டில். அங்கே அது சரியாக உட்கார்ந்தது. அவர் மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.